தொடாமல் நின்ற ஊர்

சித்திக்கா கண் விழித்தபோது மணி பத்தே கால். போனில் முப்பத்தொரு தவறிய அழைப்புகள். அத்தனையும் மண்டபத்தூரிலிருந்து.

முப்பத்தொன்று என்றால் வேறு யாராக இருந்தாலும் பதறி எழுந்திருப்பார்கள். அவள் எழவில்லை. போனை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி இன்னும் ஐந்து நிமிடம் படுத்தே கிடந்தாள். அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள், இந்த மூன்று வருடத்தில் அவளுக்கு வந்த அழைப்புகளின் கதையை முதலில் கேட்டுவிட்டு வரட்டும்.

"திமிங்கிலம் மிதக்குது, ஓடியாங்க" என்று கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் கவிழ்ந்த ஃபைபர் போட்டு. பட்டினச்சேரியில் அது ஊதிப்போன மாடு. காளிக்குப்பத்தில், காற்றில் பிய்த்துக்கொண்டு கடலில் விழுந்த ஒரு பிளெக்ஸ் பேனர்; தலைவரின் சிரித்த முகம் தண்ணீருக்குள், சாம்பல் முதுகு மேலே. ஒரே ஒரு முறை நிஜமாகவே ஓர் உயிர் ஒதுங்கியிருந்தது. அது டால்பின். இந்தக் கரையில் அதை ஓங்கில் என்பார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கேமரா, கையுறை, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு பறந்துபோய், தொங்கிய முகத்தோடு திரும்பி வந்திருக்கிறாள். முந்தைய நாள்கூட வாஞ்சூரில் மாலை வரை வெயிலில் காத்துக் கிடந்தாள். கரைக்கு வந்து சேர்ந்தது, எந்தக் கப்பலிலிருந்தோ அறுந்து வந்த கறுப்பு ரப்பர் உருளை. வீட்டுக்கு வந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, போனை மௌனத்தில் போட்டுவிட்டுப் படுத்தாள். இன்றைக்கு ஒரு நாளாவது கடல் என்னை விட்டுத் தொலையட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

வேலை என்னவோ கேட்பதற்குப் பெரியதுதான். கூன்முதுகுத் திமிங்கிலம் என்று ஒன்று உண்டு. நீளமான பக்கத் துடுப்புகள், மேடு தட்டிய முதுகு, பாட்டுப் பாடுகிற ஆண்கள். வங்கக் கடலின் இந்த ஓரத்துக்கு அது வருகிறதா, வந்தால் எந்த மாதத்தில் வருகிறது, வந்து என்ன செய்கிறது, உடம்பு நலமாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். தூரத்து நகரத்தில் இருக்கிற ஓர் ஆய்வு நிலையத்தின் திட்டம். பேராசிரியர் அங்கே இருந்தார். காரைக்காலில் இருந்தது சித்திக்கா ஒருத்தி. கரையோரக் கிராமங்களில் அறுநூறு பேரிடம் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டாள். தண்ணீருக்கு அடியில் ஒலிவாங்கியை இறக்கி, ஆயிரக்கணக்கான மணி நேரம் கப்பல் என்ஜின்களின் உறுமலையும் இறால்களின் படபடப்பையும் கேட்டாள். கிடைத்தது, இரண்டு வருடத்துக்கு முன்பு பதிவான பதினோரு நிமிடப் பாட்டு. "இருக்கலாம்" என்றார் பேராசிரியர். அவர் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

திட்டம் மார்ச்சோடு முடிகிறது. இறுதி அறிக்கையில் 'நேரில் கண்டவை' என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. அது அப்படியே போனால், இந்தக் கடலில் அப்படி ஒரு பிராணியே இல்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள். முப்பத்திரண்டு வயதில் அவளிடம் இருந்தது அந்தப் பூஜ்யம் ஒன்றுதான்.

உம்மா ஆஸியா பீவி தேநீரோடு வந்தார்.

"போனு நடுங்கிக்கிட்டே கெடந்துச்சு. புள்ள காய்ச்சலோட அசந்து தூங்குதேன்னு தலவாணி மேல எடுத்து வெச்சேன். மரப்பலகையில கெடந்தா சத்தம் போடுதுல்ல."

சித்திக்கா தேநீரை வாங்கி வைத்துவிட்டு, மண்டபத்தூர் நாட்டாண்மை வைத்தியலிங்கத்துக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மேடம், வந்துட்டீங்களா?"

"வீட்டுலதாங்க இருக்கேன். இன்னைக்கு என்ன மிதக்குது?"

அந்தக் கேள்வியில் இருந்த குத்தல் அவருக்குக் கேட்கவில்லை. "மிதக்கலைங்க. முகத்துவாரத்துத் திட்டுல ஏறி மாட்டிக்கிச்சு. நீங்க படத்துல காட்டுவீங்கல்ல, ஆள் ஒசரத்துக்கு மேல ரெக்கை வெச்சது, அதேதாங்க. விடியக்காலம் போட்டு திரும்பி வரும்போதே புள்ளைங்க பாத்துட்டானுவ."

அவ்வளவு நீளத் துடுப்பு உள்ள திமிங்கிலம் உலகத்திலேயே ஒன்றுதான். சித்திக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"உசுரோடயா?"

"காலையில இருந்துச்சுங்க. நல்லா மூச்சு வுட்டுச்சு. வாலை அடிச்சுது. இப்பத்தான் செத்த நேரத்துக்கு முன்னாடி... அசைவு இல்லைங்க. நீங்க வாங்க. நீங்க சொன்ன மாதிரி ஒருத்தரும் தொடலை."

தேநீர் குடிக்கப்படாமல் ஆறியது. ஸ்கூட்டி கோட்டுச்சேரியைத் தாண்டும்போது பேராசிரியர் அழைத்தார். கிளம்பும்போது அவருக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள். ஓரம் கட்டி எடுத்தாள். மூன்று வருடத்தில் அவர் குரல் இப்படி உயர்ந்து அவள் கேட்டதில்லை. "வாலோட அடிப்பக்கம், சித்திக்கா! மறந்துடாதே. அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம்தான் அதோட கைரேகை. அப்புறம் தோல், கொழுப்பு, காது எலும்பு. இது பெரிய விஷயம்மா." சரிங்க சார், சரிங்க சார் என்றாள். மறைக்க என்ன இருக்கிறது, முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். பூஜ்யம் ஒன்றாகப் போகிறது. வெட்கம் கொஞ்சம் பின்னால் வந்தது, ஆனால் வந்த பிறகு போகவே இல்லை.

மண்டபத்தூருக்கு வடக்கே, ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஊரே நின்றது. திருவிழாக் கூட்டத்தின் சத்தம் இல்லை. நண்டுவலைக் கயிற்றை நீளமாகக் கட்டி, அதற்குப் பின்னால் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் வரிசையாக நின்றார்கள். கயிற்றுக்கும் திட்டுக்கும் இடையே மணலில் ஒரு கால் தடம்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான ஆய்வுக்களம் எந்தப் பேராசிரியருக்கும் வாய்த்திருக்காது.

திட்டில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சின்னது, இருபத்து மூன்று அடிதான் இருக்கும். தாயை விட்டுப் பிரிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு துடுப்பு மணலில் புதைந்திருந்தது, இன்னொன்று வானத்தைப் பார்த்து மடங்கிக் கிடந்தது. சின்ன அலைகள் வந்து தலையின் மேல் ஏறி இறங்கின. உச்சியில் இருக்கிற மூச்சுத் துளை அந்தத் தண்ணீருக்குள் இருந்தது.

"எப்பங்க சாஞ்சுது?" என்றாள்.

"ஒம்பது மணிக்கு மேல," என்றார் வைத்தியலிங்கம். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவள் வருவாள் என்று காலையிலேயே வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். "அதுவரைக்கும் நேரா உக்காந்தாப்புலதாங்க இருந்துச்சு. தண்ணி வத்த வத்த அலை உருட்டிப்புடுச்சு. சாஞ்சப்பறம் அரை மணி நேரம் போராடுச்சு. ஆனா ஒரு பய கிட்டப் போவலைங்க. கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான்." அவர் குரலில் பெருமை இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டுப்பாடத்தைக் காட்டுவது போல அவள் முகத்தைப் பார்த்தார்.

பெண்கள் பக்கம் திரும்பினாள். மீன் விற்கிற பெண்கள் பதினைந்து இருபது பேர். ஒவ்வொருத்தியின் காலடியிலும் ஒரு அலுமினிய அன்னக்கூடை. எல்லாவற்றிலும் விளிம்பு வரை கடல் தண்ணீர். வெயிலில் அது சூடேறிக் கிடந்தது.

"இது எதுக்குக்கா?" என்று முன்னால் நின்ற தையல்நாயகியைக் கேட்டாள்.

தையல்நாயகி கூடைத் தண்ணீரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். எதற்கு என்பது சித்திக்காவுக்குத் தெரியும் என்று தையல்நாயகிக்குத் தெரியும்.

அவளுக்குத் தெரியும்தான். தையல்நாயகி ஐம்பது வயதுக்காரி. ஏலத்தில் மீன் எடுத்து நெரவி, அம்பகரத்தூர் வரை பஸ்ஸில் கொண்டுபோய் விற்கிறவள். இரண்டரை வருடத்துக்கு முன்பு சித்திக்கா படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டபோது, கூன்முதுகின் படத்தில் விரலை வைத்தவள் அவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இதே திட்டில் இதே மாதிரி ஒரு குட்டி மாட்டிக்கொண்டதாம். ஆண்கள் இரண்டு பக்கமும் தோள் கொடுத்து அதைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். நனைத்த சாக்கை முதுகில் போட்டு, பெண்கள் அன்னக்கூடையில் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். நீரேற்றம் வந்ததும் அடியில் வலையைக் கொடுத்து, இரண்டு போட்டில் கட்டி, தலையைக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்கள். நெற்றியில் மஞ்சள் வைத்து அனுப்பினோம், நின்னு ஒரு தடவை ஊதிட்டுப் போச்சு என்று சொல்லும்போது தையல்நாயகியின் முகம் அப்படிப் பூரித்திருந்தது.

சித்திக்கா அன்று வீட்டுக்கு வந்து அதைப் படிவத்தில் ஏற்றினாள். புகைப்படம் இல்லை. தோல் இல்லை. 'உறுதி செய்யப்படாதது' என்ற கட்டத்தில் போட்டாள். போடும்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கைக்கு வந்த ஒன்றை ஒரு படம்கூட எடுக்காமல் மஞ்சள் பூசி அனுப்பியிருக்கிறார்களே! இனி ஒன்று வந்தால் இப்படி நடக்க விடக் கூடாது. அந்த ஆத்திரத்தில்தான் மண்டபத்தூர்ப் பஞ்சாயத்தில் போய்ப் பேசினாள்.

மீனவக் கிராமத்தில் சட்டம் என்பது ஒன்று, ஊர்க் கட்டுப்பாடு என்பது வேறு. சட்டத்துக்கு அவர்கள் மரியாதை கொடுப்பார்கள். கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்படுவார்கள். கோவில் வாசலில் பஞ்சாயத்தார் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்துவிட்டால், மீறுகிறவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் எட்டிப் பார்க்காது. திமிங்கிலம் ஒதுங்கினால் மேடம் வருகிறவரை யாரும் ஐம்பது மீட்டருக்குள் போகக் கூடாது, தொடக் கூடாது, மேடத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அன்று கட்டுப்பாடு போட்டார்கள். அதை எழுதி ஒரு பலகையும் வைத்தாள். அவள் எழுதிக் கொடுத்ததில் ஐந்து வரி இருந்தது. கடைசி வரி: உயிரோடு இருந்தால் சாயாமல் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். பலகை எழுதுகிறவர், நாலு வரிக்கு மேல் பிடிக்காது, எழுத்து பொடியாகிவிடும் என்றார். அவள் யோசித்தாள். உயிரோடு எங்கே வரப்போகிறது? வந்தால் இவர்கள் பழையபடி தள்ளிவிட்டுவிடுவார்கள். எதை எடுப்பது என்று அவர் கேட்டபோது, கடைசி வரியை எடுத்துடுங்க என்றாள். ஒரு ஊர் முழுக்க ஆய்வுக்கு ஒத்துழைத்த அந்தக் கட்டுப்பாட்டைப் பற்றி ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் எழுதினாள். பஞ்சாயத்தார் படமும் போட்டாள்.

"நான் சொன்னேன்," என்றாள் தையல்நாயகி இப்போது. சத்தம் போடவில்லை. "ஆறு மணிக்கே சொன்னேன். நாலு பேரு எறங்கிப் புடிச்சுக்கங்கடா, ஏழரைக்கு ஏத்தம் வரும், திருப்பிப்புடலாம்னேன். கூடையெல்லாம் மொண்டுட்டோம். நாட்டாண்ம கயித்தக் கட்டிப்புட்டாரு."

"கட்டுப்பாடு போட்டது மேடம் பேச்சுக்குத்தானே," என்றார் வைத்தியலிங்கம். "அவங்க சொல்லாம நான் எப்புடி எடுக்குறது? அதுக்குத்தான் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். பேட்டரி தீந்து இன்னொருத்தன் போனுலேருந்தும் போட்டேன். ஒரு வேள அவங்க மருந்து கிருந்து எடுத்துக்கிட்டு வர்றாங்களோ என்னமோன்னு நெனச்சேன்."

மருந்து எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்திருக்கிறார். அவள் போன் அந்த நேரத்தில் தலையணை மேல் மெத்தென்று நடுங்கிக் கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வேலை. வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று. கையுறையை மாட்டியதும் கை தானாக ஓடியது. நீளம், துடுப்பின் நீளம், வாலின் அகலம். நாலு ஆள் சேர்ந்து வாலைப் புரட்டியபோது அடிப்பக்கம் தெரிந்தது. வெள்ளையில் கறுப்பு சிந்தினாற்போல ஒரு கோலம், ஒரு கீறல்கூட இல்லாமல். அறுபது படம் எடுத்தாள். வலை சுற்றிய தழும்பு இல்லை, கப்பல் இடித்த காயம் இல்லை. தோலைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பிகளில் போட்டாள். இவ்வளவு புதிதான உடம்பு எந்தக் கடற்கரையிலும் எளிதில் கிடைக்காது. அந்த எண்ணம் வந்தபோதெல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். காய்ச்சல்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டாள். அது பொய் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

வனக்காவலர் வந்து, பார்த்ததை மகஜராக எழுதிக்கொண்டார். கால்நடை டாக்டர் நூருல் அமீன் வந்து உடம்பைத் திறந்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். இரண்டு மணி நேரம் கழித்து முழங்கை வரை ரத்தத்தோடு நிமிர்ந்தார்.

"நல்ல ஆரோக்கியமான உடம்புங்க. கொழுப்பு திடமா இருக்கு. வயித்துல இரை இருக்கு. வியாதி எதுவும் கண்ணுக்குத் தெரியலை."

"அப்ப எப்படிங்க டாக்டர்?"

"நுரையீரல்ல தண்ணியும் மணலும். சாஞ்சதும் மூழ்கிப் போச்சு. நேரா நிறுத்தி வெச்சிருந்தா..." அவர் கயிற்றுக்குப் பின்னால் நின்ற ஊரைப் பார்த்தார். கை கழுவப் போனார்.

அறிக்கையில் 'உடல்நலம்' என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதினாள். நன்று. மூன்றே எழுத்து, ஒரே மூச்சில் எழுதிவிடலாம். எழுதிவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் மறுபடி அழைத்தார். திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்க இது ஒன்றே போதும் என்றார். நடந்ததைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "மக்கள் கேட்டா காரணம் ஆய்வில் இருக்குன்னு மட்டும் சொல்லு. இல்லேன்னா அடுத்தது வரும்போது உன்னைக் கூப்பிடவே மாட்டாங்க. புரியுதா?" புரிந்தது. புரியாமல் என்ன. அவர் சொன்னதில் தப்பு என்று எதையும் எடுத்துக்காட்ட முடியாது; அதுதான் அவர் பேச்சில் உள்ள தொந்தரவு.

நாலரை மணிக்கு ஜேசிபி குழி தோண்டி முடித்தது. ஊரில் ஒரு சாவு என்றால் அடக்கம் ஆகிறவரை ஒரு போட்டும் கடலில் இறங்காது. இதையும் அவர்கள் சாவாகத்தான் வைத்திருந்தார்கள். அத்தனை போட்டும் காலையிலிருந்து மணலிலேயே கிடந்தன. யாரும் அதைப் பற்றி அவளிடம் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

உடம்பைக் குழிக்குள் இறக்கினார்கள். பெண்கள் மஞ்சள் துணி ஒன்றைப் போர்த்தினார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். வைத்தியலிங்கம் அவள் பக்கம் வந்தார்.

"மொத மண்ணு உரிமைப்பட்டவங்க போடணும் மேடம். நாங்க பேசிக்கிட்டோம். மூணு வருஷமா ஊரு ஊரா இதத் தேடி அலைஞ்சவங்க நீங்கதான். நீங்களே போடுங்க."

சித்திக்கா யாருக்கும் மண் போட்டதில்லை. வாப்பாவை அடக்கியபோதுகூட இல்லை. அவள் குடும்பத்துப் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. தம்பி போய் மூன்று பிடி போட்டுவிட்டு வந்து, போட்டுட்டேன் லாத்தா என்று வாசலில் நின்று சொன்னான். இங்கே ஒரு ஊரே அவளை உரிமைக்காரி என்று கூப்பிடுகிறது. குனிந்து ஒரு பிடி மணல் எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் தையல்நாயகி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மண்ணு போடறதுக்கு முன்னாடி கேக்கணும். அப்பறம் கேக்கக் கூடாது. காலையில நாங்க எறங்கிப் புடிச்சிருந்தா இது பொழச்சிருக்குமா?"

"ஏ தையலு, பேசாம இரு," என்றார் வைத்தியலிங்கம். ஆனால் அவரும் சித்திக்காவைத்தான் பார்த்தார். "டாக்டரே வந்து அறுத்துப் பாத்துட்டாரு. உள்ளுக்குள்ள சீக்கு இருந்துருக்கும். இல்லைங்களா மேடம்? எப்புடியும் செத்துருக்கும்ல?"

அந்த 'இல்லைங்களா'வில் ஒரு மனிதர் தன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். கயிற்றைக் கட்டியவர் அவர். நாளைக்கு ஊர் அவரைப் பார்க்கிற பார்வை இப்போது சித்திக்காவின் வாயில் இருந்தது. ஆமாங்க என்றால் போதும். அவருக்கும் தூக்கம் வரும், தையல்நாயகிக்கும் மனம் ஆறும், அடுத்த முறையும் கயிறு கட்டுவார்கள், போன் வரும், பேராசிரியர் மகிழ்வார். இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. இனி வரப்போகிற ஒன்றைத் தவிர. காரணம் ஆய்வில் இருக்கிறது என்ற வாக்கியம் அவள் நாக்கின் நுனி வரை வந்து நின்றது. அவளுக்கு அலுப்பாக இருந்தது. மூன்று வருட அலுப்பு. இன்னொரு பொய்யையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடக்க அவளிடம் தெம்பு இல்லை.

"பொழச்சிருக்கும்," என்றாள்.

வைத்தியலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"சீக்கு ஒண்ணும் இல்லைங்க. சாயாமப் புடிச்சுத் தண்ணி ஊத்தியிருந்தா ஏத்தத்துல போயிருக்கும். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க செஞ்சதுதான் சரி. உசுரோட இருந்தா புடிச்சுத் தண்ணி ஊத்தணும்னு பலகையில ஒரு வரி எழுதறதா இருந்துச்சு. எடம் பத்தலைன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன். நாட்டாண்ம மேல ஒரு தப்பும் இல்லை. அவரு போன் போட்டப்பல்லாம் நான் வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தேன்."

வைத்தியலிங்கத்தின் முகம் அப்படியே நின்றது. அவள் அவரைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னாள். ஆனால் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார். காலையில் அரை மணி நேரம் அது போராடியதைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர் அவர்.

"அப்ப அடுத்தது வந்தா?" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவர் கேட்டார்.

"தள்ளி வுட்டுடுங்க. எனக்காகக் காத்திருக்காதீங்க. கட்டுப்பாட்ட எடுத்துடுங்க."

"ஒங்க ஆராய்ச்சி?"

கையிலிருந்த மணல் விரலிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. குழியின் விளிம்புக்கு ஓர் அடி எடுத்து வைத்தாள்.

தையல்நாயகி முன்னால் வந்து நின்றாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

"நகந்துக்கம்மா," என்றாள். "மொத மண்ணு நான் போடுறேன்."

சித்திக்கா நகர்ந்தாள். தையல்நாயகி இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள். அடுத்து கூடையோடு நின்ற பெண்கள், பிறகு போட்டுக்காரர்கள், வலை பின்னுகிறவர்கள், கடைசியில் வைத்தியலிங்கம். ஒவ்வொருவரும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறினார்கள். இளைஞர்கள் அப்போதே போட்டுகளைத் தண்ணீருக்குத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். சித்திக்கா ஓரமாக நின்றாள். எல்லோரும் முடித்த பிறகு தன்னைக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

ஜேசிபி எஞ்சின் உறுமியது. இரும்புக் கை மண்மேட்டின் மேல் எழுந்தது. அவள் கையை உயர்த்திக்கொண்டு ஓடினாள். "இருங்க, ஒரு நிமிஷம் இருங்க." ஓட்டுநர் நிறுத்தினார்.

கையுறையை உருவி எறிந்துவிட்டு மண்டியிட்டாள். ஒரு பிடி போட்டாள். இன்னொரு பிடி. மூன்றாவது பிடியைப் போடும்போது தோள் குலுங்கியது. வாப்பாவுக்கு வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. அவளைத் தடுக்க யாரும் வரவில்லை. பக்கத்தில் நிற்கவும் யாரும் வரவில்லை.